நடப்பவருக்கு வரைபடம் இல்லை!

6,41,449 கிலோமீட்டர்.

ஏதோ ராக்கெட் போன தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்புக்காக மனிதர்கள் காட்டுக்குள் காலால் நடந்த தூரம் இது. பூமியைப் பதினாறு முறை சுற்றி வந்தால்தான் இவ்வளவு வரும்.

புலிகள் எத்தனை என்ற எண் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 3,682. பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 306 என்று நாமும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். 32,588 இடங்களில் தானியங்கி கேமரா வைத்து, 4 கோடியே 70 லட்சம் படம் எடுத்து, ஒவ்வொரு புலியின் வரியையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த கணக்கு. பெருமையான வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால், அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டரை நடந்தது யார்?

டெல்லியிலிருந்து யாரும் வந்து நடக்கவில்லை. நடந்தவர்கள் வனக் காப்பாளர்கள். அவர்களுக்கு முன்னால் அரிவாளோடு வழி விலக்கிப் போனவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். முதுமலை என்றால் குறும்பர், இருளர். ஆனைமலை என்றால் மலசர், காடர், முதுவர். இவர்களில் பெரும்பாலோர் தற்காலிகப் பணியாளர்கள். இவர்கள் கையில்தான் இப்போது செல்போன் இருக்கிறது. அதில் ஆப் இருக்கிறது. நடந்த பாதையை அது தானாகவே கோடு போட்டுக்கொள்ளும். பார்த்த கால்தடத்தை, எச்சத்தை, மரத்தில் கிடக்கும் நகக் கீறலைப் படமெடுத்துப் பதிவு செய்யலாம். எல்லாம் மேலே போகும்.

அப்புறம்? அவ்வளவுதான். மேலே போனது மேலேயே இருக்கும்.

இந்த வாரம் நான் சண்டை போட வந்திருப்பது அந்த 'அவ்வளவுதான்' மீது.

*

'வனப் பணியாளர்களுக்கு நவீனத் தொழில்நுட்பப் பயிற்சி' என்று அவ்வப்போது மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு போட்டோ வரும். குத்துவிளக்கு, பேனர், முன்வரிசையில் அதிகாரிகள், பின்வரிசையில் காக்கி. பெரும்பாலும் இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு ஹால். ஒரு பவர்பாயிண்ட். பாதி இங்கிலீஷ். 'இந்தப் பட்டனை அமுக்கினா ஸ்டார்ட். இதை அமுக்கினா போட்டோ. சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து அப்லோட் பண்ணிடணும்.' மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் சர்டிஃபிகேட்.

இதற்குப் பெயர் பயிற்சி என்றால், ரிமோட்டில் சேனல் மாற்றத் தெரிந்த என் பக்கத்து வீட்டுப் பொடியனும் டி.வி. இன்ஜினீயர்தான்.

'ஆமா சார், இவங்களுக்கு அவ்வளவு போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஏன் என்று சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கதை.

*

1972-ல் முதன்முதலாக நாடு முழுக்கப் புலிகளை எண்ணினார்கள். 1,827 என்று கணக்கு வந்தது. எண்ணியது எப்படி? கால்தடத்தை வைத்து. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வது, அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுப்பது. ஒவ்வொரு புலியின் தடமும் வேறு வேறு, அனுபவசாலி பார்த்த உடனே பிரித்துவிடுவார் என்பது நம்பிக்கை. ஒரே புலி ஈரச் சேற்றில் வைக்கும் காலும் காய்ந்த மணலில் வைக்கும் காலும் வேறு மாதிரி இருக்குமே என்று உல்லாஸ் கரந்த் போன்ற விஞ்ஞானிகள் கத்தினார்கள். அவர் 90-களிலேயே நாகரஹொளேயில் கேமரா வைத்து, வரிகளைக் கொண்டு புலியை அடையாளம் காணும் முறையைச் செய்து காட்டினார். அரசாங்கம் அசையவில்லை.

அசைய வைத்தது சரிஸ்கா. ராஜஸ்தானில் உள்ள புலிகள் காப்பகம். 2004 கணக்குப்படி அங்கே பதினாறு புலிகளுக்குக் குறைவில்லை. 2005-ல் போய்த் தேடினால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். பேப்பரில் மட்டும் புலிகள் உறுமிக்கொண்டிருந்தன. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங், சுனிதா நாராயண் தலைமையில் ஒரு குழு போட்டார். அதற்குப் பிறகுதான் கால்தடக் கணக்கு கைவிடப்பட்டு, கேமராவும் புள்ளியியலும் வந்தன. 2010-ல் 'எம்-ஸ்டிரைப்ஸ்' என்ற ரோந்து, கண்காணிப்பு முறை வந்தது. பிறகு அது செல்போன் ஆப்பாகவும் ஆனது.

இது எல்லோரும் சொல்லும் கதை. பழைய முறை மோசம், புது டெக்னாலஜி வந்தது, சுபம்.

எல்லோரும் சொல்லாத ஒரு பகுதி அந்தக் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. சரிஸ்காவின் அதிகாரபூர்வக் கணக்கு வருஷா வருஷம் இருபதுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தபோது, கீழ்நிலைப் பணியாளர்கள் புலியை நேரில் பார்த்ததாகக் குறித்துவைத்த எண்ணிக்கை சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. 2004-ல் அது பூஜ்யம்.

கவனியுங்கள். காட்டில் நடந்தவருக்குத் தெரிந்திருந்தது. எழுதியும் வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. சரிஸ்காவில் தோற்றது வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மட்டும் என்றால் கேமராவோடு பிரச்னை தீர்ந்திருக்கும். அங்கே தோற்றது கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவில் இருந்த வழி. கண்ணாடித் தகட்டுக்குப் பதில் செல்போனைக் கொடுத்துவிட்டால் அந்த வழி சரியாகிவிடுமா?

*

சரி, வெறும் பட்டன் பயிற்சியால் என்ன கெட்டுப்போகிறது? மூன்று உதாரணம் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். இது கணக்குப் பாடம்தான், ஆனால் கடினமில்லை.

முதலாவது. தெப்பக்காடு ஏறத்தாழ 11 டிகிரி 35 நிமிடம் அட்சரேகையில், 76 டிகிரி 35 நிமிடம் தீர்க்கரேகையில் இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவியில் இதை டிகிரி, நிமிடமாகவும் காட்டலாம். தசமமாகவும் காட்டலாம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே 35 நிமிடம் என்பது தசமத்தில் 0.58. இது தெரியாமல் ஒருவர் 11.35, 76.35 என்று பதிவேட்டில் ஏற்றினால் என்ன ஆகும்? தெப்பக்காட்டில் நின்ற யானை முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாவி, மலையிறங்கி, கேரளாவில் நிலம்பூர் பக்கம் போய் நின்றுவிடும். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் இல்லாமல் ஸ்டேட் விட்டு ஸ்டேட்! பட்டனை அமுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தத் தப்பு கண்ணில் படாது. வரைபடத்தைத் திருப்பி அந்தக் காவலர் கையில் கொடுத்தால், 'சார், இது நம்ம பீட்டே இல்லையே' என்று ஒரே நொடியில் சொல்லிவிடுவார்.

இரண்டாவது. மான், காட்டெருமை எல்லாவற்றையும் எண்ண இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடக்கிறார்கள். விலங்கைப் பார்த்ததும் எத்தனை என்பதோடு, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்றும் குறிக்க வேண்டும். எதற்கு? பக்கத்தில் நிற்கும் மான் எல்லாம் கண்ணில் படும். தூரத்தில் நிற்பதில் பாதி புதரில் மறைந்துவிடும். தூரம் கூடக்கூட எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத்தான், கண்ணில் படாத மான்களையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். நடப்பவருக்கு இதை யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அவருக்கு 43 மீட்டரும் 50 மீட்டரும் ஒன்றுதான். 'கிட்டத்தட்ட அம்பது போட்டுக்கோ.' பத்துப் பேர் இப்படி அம்பது போட்டால், முடிவில் வரும் கணக்கு எந்தக் காட்டுக்கும் பொருந்தாது. ஏன் என்று புரிந்தவர் அளப்பார். புரியாதவர் கட்டத்தை நிரப்புவார். நீங்களும் நானும் அப்படித்தானே? இன்கம்டாக்ஸ் ஃபாரத்தில் புரியாத கட்டத்தை எப்படி நிரப்புகிறோம்?

மூன்றாவது உதாரணம்தான் முக்கியம். பூஜ்யம்.

ஐந்து கிலோமீட்டர் நடந்து ஒரு புலித் தடம், ஒரு சிறுத்தை எச்சம்கூட இல்லை என்றால் அதுவும் தகவல். சொல்லப்போனால் மிகப் பெரிய தகவல். ஆனால் 'ஒண்ணுமே இல்லையா? ஒழுங்கா நடந்தியா நீ?' என்று திட்டு விழும் என்று பயப்படுகிறவர் பூஜ்யம் எழுதுவாரா? வரைபடத்தில் ஒரு மூலை வெள்ளையாக இருக்கிறது என்று வையுங்கள். அங்கே வேட்டை இல்லையா, அல்லது அங்கே யாரும் நடக்கவே இல்லையா? ஆபீஸில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். சுருக்குக் கம்பி வைப்பவனுக்கு மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ரோந்து வராத மூலையில்தான் அவன் கம்பி வைப்பான்.

போதாததற்கு, 'இந்த மாசம் எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்கும் பழக்கம் எங்கே வந்தாலும் வினைதான். கிலோமீட்டர்தான் மார்க் என்றால், மனுஷன் ஜீப் ரோட்டில் நடந்து மார்க் வாங்குவான். முள்ளுக்குள் தவழ்ந்து ஒரு கிலோமீட்டர் போய் நாலு கம்பியை எடுத்துவந்தவர் ஃபெயில். ரோட்டோரம் பத்துக் கிலோமீட்டர் காற்று வாங்கியவர் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

*

'அதெல்லாம் சரி சார். படிக்காத ஜனங்க. இதெல்லாம் எப்படிப் புரிய வைக்கறது?'

இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவில் முப்பது வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. லூயி லீபன்பெர்க் என்பவர் கலஹாரி பாலைவனத்தில் சான் பழங்குடிகளோடு சேர்ந்து நடந்து, அவர்கள் தடம் பார்க்கும் கலையைப் பல வருஷம் படித்தவர். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. 90-களில் ஒரு கம்ப்யூட்டர் மாணவரைப் பிடித்து, படங்களைத் தொட்டே பதிவு செய்யும்படி ஒரு சாஃப்ட்வேர் எழுத வைத்தார். மானா, மான் படம். தின்கிறதா, தின்கிற படம். கூடவே ஜி.பி.எஸ். பெயர் சைபர்டிராக்கர். தடம் பார்க்கும் இருவர் அதை வைத்துக் கறுப்புக் காண்டாமிருகம் எந்தச் செடியை எப்போது தின்கிறது என்று பதிவு செய்தார்கள். 1999-ல் ஒரு விஞ்ஞான இதழில் வந்த கட்டுரையில் லீபன்பெர்க்கோடு சேர்த்து அவர்கள் பெயரும் ஆசிரியர்களாக அச்சாகியிருந்தது.

பெயர் போட்டார்கள்! நம் ஊரில் எந்த இருளரின் பெயரை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பார்த்திருக்கிறீர்கள்? நன்றி சொல்லும் கடைசிப் பத்தியில் 'களப் பணியாளர்களுக்கும்' என்று ஒரு வார்த்தை. அதோடு சரி.

அவ்வளவு தூரம் போவானேன்? செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் உங்களுக்குத் தெரியும். 2023-ல் பத்மஸ்ரீ வாங்கிய இருளர் பாம்புபிடிகாரர்கள். 2017-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாக்காரர்கள் காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். முதல் எட்டு நாளில் பதின்மூன்று பாம்பு பிடித்தார்கள். அமெரிக்காவில் இல்லாத டெக்னாலஜியா? இருந்தும் கூப்பிட்டான். தனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்ள அவனுக்குக் கூச்சமில்லை.

2021-ல் மசினகுடியில் டி-23 புலியைத் தேடியது ஞாபகம் இருக்கிறதா? இருபத்தோரு நாள். கேமரா, டிரோன், மோப்ப நாய், கும்கி யானை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றோடும் சேர்ந்து தடம் பார்த்து முன்னால் நடந்தவர்கள் பழங்குடிக் காவலர்கள். கேமரா படம் ராத்திரி புலி எங்கே இருந்தது என்று சொல்லும். இப்போது எந்தப் புதரில் படுத்திருக்கும் என்று சொல்ல, தரையைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சுடாமல், உயிரோடு பிடித்தார்கள். இரண்டு படிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, பயிற்சி என்பது ஒருவழிப் பாதை இல்லை. வரைபடம் படிக்க அவருக்கு நாம் கற்றுத்தர வேண்டும். தரையைப் படிக்க நமக்கு அவர் கற்றுத்தர வேண்டும். அந்த ஹாலில் ஒரு நாள் முழுக்க மேடையில் ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால், அங்கே பாதிப் பாடம் நடக்கவே இல்லை.

*

கீழே திரும்பி வந்த தகவல் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. வால்பாறை. தேயிலைத் தோட்டம், நடுநடுவே துண்டு துண்டாகச் சோலை, அதற்குள் யானை. ராத்திரி வீடு திரும்பும் தொழிலாளி, பக்கத்தில் யானை நிற்பது தெரியாமலே போய் மிதிபட்டுச் சாவார். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் யானை நடமாட்டத்தை வருஷக்கணக்கில் வரைபடத்தில் குறித்தார்கள். குறித்து கட்டுரை எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. 2011 முதல், இன்று எந்த எஸ்டேட் பக்கம் யானை என்று அங்கே வசிப்பவர்களின் செல்போனுக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ். உள்ளூர் கேபிள் டி.வி.யில் அடியில் ஓடும் வரி. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு. அதை ஊர்க்காரரே செல்போனிலிருந்து போடலாம், அணைக்கலாம். தகவல் யாருடைய உயிரைக் காப்பாற்றுமோ, அவர் கைக்கே அது போனது.

கோவை மதுக்கரையும் அப்படித்தான். 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயில் மோதிச் செத்தன. 2024 பிப்ரவரியில் அங்கே தண்டவாளத்தோரம் கோபுரங்கள் நட்டு, வெப்பத்தை வைத்து இருட்டிலும் பார்க்கும் கேமரா பொருத்தினார்கள். யானை வருவதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். உடனே ரயில் டிரைவருக்கும் காட்டில் நிற்கும் பணியாளருக்கும் தகவல் போகும். டிரைவர் வேகத்தைக் குறைப்பார். பணியாளர் போய் யானையைத் திருப்புவார். அங்கேயும் மெஷின் சொல்வதைக் கேட்டுச் செய்ய ஒரு மனிதருக்கு உடனே செய்தி போவதால்தான் யானை பிழைக்கிறது. அதே படம் நாலு வருஷம் கழித்து ஒரு வழவழ புத்தகத்தில் வந்தால் அந்த யானைக்கு என்ன லாபம்?

'புலி விஷயம் வேற சார். அது ரகசியம். வரைபடத்தைக் கீழே கொடுத்தா வேட்டைக்காரன் கைக்குப் போயிடும்.'

இது நியாயமான பயம்தான். தள்ளிவிட முடியாது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த பீட்டில் புலி எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று அங்கே பத்து வருஷம் நடந்தவருக்கு ஏற்கெனவே தெரியும். காட்டிக்கொடுக்க நினைத்தால் அவருக்கு வரைபடம் தேவையில்லை. வீரப்பன் எந்த ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து யானையைச் சுட்டார்? 2013-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் ஒரு புலியின் கழுத்துப்பட்டை அனுப்பும் இட விவரம் வந்துசேரும் இ-மெயிலைத் திறக்க யாரோ முயன்றதாகச் செய்தி வந்தது. அந்த இ-மெயில் காவலர் கையிலா இருந்தது? மேலே இருந்தது. எல்லாக் காட்டின் எல்லாப் புள்ளியையும் ஒரே இடத்தில் குவிப்பதுதான் பெரிய ஆபத்து. நான் கேட்பது எல்லாக் காட்டின் வரைபடத்தையும் இல்லை. ஒருவர் நடந்த பீட்டின் வரைபடத்தை அவருக்கே கொடுங்கள் என்கிறேன். அவர் பொருளை அவருக்குக் கொடுக்க என்ன தயக்கம்?

*

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் கருவி விற்க வந்த ஏஜென்ட் என்று நினைப்பீர்கள்.

உத்தரகாண்டில் கார்பெட் புலிகள் காப்பகம். அதைச் சுற்றியிருக்கும் கிராமத்துப் பெண்கள் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போவார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள் ஒதுங்கவும் போவார்கள். 2017-ல் அப்படி ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விலங்குகளுக்காக வைத்த கேமராவில் பதிவாகி, அதைக் கையாண்ட ஆட்கள் மூலமாக உள்ளூர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கோபத்தில் ஊர்க்காரர்கள் கேமராக்களை உடைத்தார்கள். இதையெல்லாம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் இன்னொரு விவரமும் உண்டு. காட்டில் பாடிக்கொண்டும் சத்தமாகப் பேசிக்கொண்டும் போனால் யானையும் புலியும் விலகிப் போகும் என்பது அந்தப் பெண்களின் பழக்கம். கேமரா பார்க்கிறது என்ற கூச்சத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். விலங்கைப் பாதுகாக்க வந்த கருவி, மனுஷியை விலங்கின் எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறது!

கேமராவை எந்த உயரத்தில் கட்டுவது, பேட்டரி எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தவர்கள், அதில் ஒரு பெண்ணின் படம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த அசிங்கம் நடந்திருக்குமா? கருவியைக் கையாளும் படிப்பில் இதுவும் பாடம். இதுதான் முதல் பாடம்.

*

'சரி, என்னதான் பண்ணச் சொல்றீங்க?' என்று கேட்பீர்கள். குறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லை நான். ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. பயிற்சியை ஹாலிலிருந்து காட்டுக்கு மாற்றுங்கள். அவரவர் பீட்டில், அவரவர் மொழியில், மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. மரக்கூட்டம் அடர்ந்த இடத்தில் ஜி.பி.எஸ். ஏன் தடுமாறுகிறது, செல்போன் டவரே இல்லாத பள்ளத்தாக்கிலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் புரியும். தடம் பார்க்கத் தெரிந்த மூத்த காவலரை அங்கே ஆசிரியராக உட்கார வையுங்கள். பவர்பாயிண்ட் காட்ட வருபவருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவருக்கும் கொடுங்கள்.

இரண்டு. மாதம் ஒரு முறை ஒவ்வொரு வேட்டைத் தடுப்பு முகாமின் சுவரிலும் அந்த பீட்டின் வரைபடத்தை அச்சடித்து ஒட்டுங்கள். எங்கே நடந்தார்கள், எங்கே நடக்கவில்லை, எங்கே கம்பி கிடைத்தது என்று அதில் இருக்கட்டும். ரேஞ்சர் அதன் முன்னால் உட்கார்ந்து, அடுத்த மாதம் எங்கே போகலாம் என்று அவர்களைக் கேட்கட்டும். சொல்ல வேண்டாம், கேட்கட்டும்.

மூன்று. பூஜ்யம் எழுதுபவரைத் தண்டிக்காதீர்கள். கிலோமீட்டரை வைத்து மார்க் போடாதீர்கள். செல்போன் ரோந்துக்கா, ஆளை வேவு பார்க்கவா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கே உண்மை செத்துவிடும்.

நான்கு. கேமராவில் மனிதர் படம் விழுந்தால் யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று எழுத்தில் விதி போடுங்கள். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுக்குள் போய்வரும் ஊர்ப் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஐந்து. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம் என்று ஒருவரை வருஷக்கணக்கில் தொங்கவிட்டுக்கொண்டு, அவர் தலையில் நவீன விஞ்ஞானத்தை இறக்க முடியாது. பயிற்சி கொடுத்த ஆள் சம்பளம் கட்டுப்படியாகாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், அந்தக் காட்டைப் பற்றிய அறிவும் அவரோடு பஸ் ஏறிவிடும். புதிதாக வருபவருக்கு மறுபடி பட்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேலையை நிரந்தரமாக்குங்கள். செல்போன், சார்ஜர், ரிப்பேர் செலவு எல்லாம் துறையின் கணக்கில் இருக்கட்டும். அறிக்கை அச்சாகும்போது நடந்தவர் பெயரைப் போடுங்கள். நாலு பக்கம் கூடுதலாகும். ஆகட்டுமே.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்காதீர்கள். 32,588 இடத்தில் கேமரா வைக்கக் காசு இருந்தது. முகாம் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டக் காசு இருக்காதா?

நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் கணக்கெடுப்பு இது. 2022-க்கு அடுத்தது 2026-ன் முறை. அதன் எண்ணும் ஒரு நாள் தலைப்புச் செய்தியாக வரும். கூடியிருந்தால் கைதட்டுவோம், குறைந்திருந்தால் பதறுவோம். தப்பில்லை. அன்றைக்கு உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வோ, வனத்துறை அதிகாரியோ, டி.வி.யில் பேசும் நிபுணரோ யார் கண்ணில் பட்டாலும், புலி எத்தனை என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: 'சார், இதை நடந்து எடுத்துக் கொடுத்தாங்களே, அவங்க முகாம் சுவத்துல அந்த மேப் ஒட்டியிருக்கா?'

இல்லை என்று பதில் வந்தால், சரிஸ்காவிடமிருந்து நாம் இன்னும் கண்ணாடித் தகட்டை மட்டும்தான் மாற்றியிருக்கிறோம் என்று அர்த்தம்.